காரணம் குறிப்பிடப்படாத விபத்து

முதல் அடி விழுந்தபோது அந்த ஆள் நின்றுகொண்டிருந்தான். கையில் செங்கல் இருந்தது. இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கியது. செங்கல் உருண்டு ஓடியது. அதற்குப் பிறகு விழுந்த அடிகளெல்லாம் குப்புறக் கிடந்தவன் மேல். மாடி ஜன்னலின் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தவளுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தடியைப் பிடித்திருந்த கை, மருத்துவமனைக் காவலாளியான அவள் புருஷனுடையது.

தடி முறிந்ததும் அவன் அதை வீசிவிட்டுக் குனிந்தான். கிடந்தவனைச் சட்டையோடு தூக்கித் தாடையில் குத்தினான். மறுபடியும் குத்தினான். சக காவலாளிகள் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போகும்வரை கை ஓயவில்லை.

"அக்கா, ஜன்னல விட்டு வாங்க! கல்லு மாடிக்கும் வரும்!" என்று பின்னாலிருந்து அரட்டை கத்தினான். ஓயாமல் பேசுகிற அந்தச் சக ஊழியனுக்கு அறையில் வைத்த பெயர் அது. சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த ஜன்னல் பொலபொலவென்று உதிர்ந்தது. மேஜை, விசைப்பலகை, அரட்டையின் டீ என்று எல்லாவற்றிலும் கண்ணாடித் தூள்.

கீழே கலவரம் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கிழவரின் சாவு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரை அவசரப் பிரிவில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் வெல்டர், அவனுடைய பட்டறை ஆட்களும் தெருக்காரர்களும் சேர்ந்து வந்துவிட்டார்கள். நாற்காலிகள் பறந்தன. மருந்து அலமாரி சாய்ந்தது. ஒரு நர்ஸின் நெற்றியில் செங்கல் பட்டு எலும்பு தெரிந்தது. அந்தச் செங்கல்லை எறிந்தவனும், அடுத்த செங்கல்லோடு நின்றவனும், குப்புறக் கிடந்தவனும் ஒரே ஆள். வெல்டரின் தம்பி.

ஜன்னலில் நின்றவளை அந்த மருத்துவமனையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வேலை, கோடு போடுவது, அதாவது ஆங்கில 'கோட்', மருத்துவக் குறியீடு. டாக்டர்கள் வளவளவென்று எழுதினால் ஈவு இரக்கமில்லாமல் வெட்டித் திருப்பி அனுப்புவாள். இரண்டையும் சேர்த்து 'கோடாலி' என்று வைத்துவிட்டார்கள். சின்னவர்களுக்குக் கோடாலி அக்கா. முதலில் கோபம் வந்தது. பிறகு அவளே தொலைபேசியை எடுத்து, "கோடாலி பேசறேன்" என்று சொல்லுமளவுக்குப் பழகிவிட்டது.

அவள் வேலையைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதியதையெல்லாம் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உலகம் ஒப்புக்கொண்ட குறியீட்டைப் போட வேண்டும். ஓர் எழுத்து, பின்னால் சில எண்கள். ஆளை எதற்காகச் சேர்த்தார்களோ அது முதன்மை நோயறிதல். ஒட்டிக்கொண்டு வந்தவை துணை நோயறிதல்கள். காயம் என்றால் இன்னொன்றும் வேண்டும்: அது எப்படிப் பட்டது என்கிற வெளிக்காரணம். விழுந்தானா, வெட்டினார்களா, தன்னைத்தானே வெட்டிக்கொண்டானா. நாய் கடித்தால் ஒரு குறியீடு, மனிதன் கடித்தால் வேறு குறியீடு. கொதிக்கும் நீருக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று. அடித்த ஆள் அப்பனா, பெண்டாட்டியா, முன்பின் தெரியாதவனா என்பதற்கே ஒரு வரிசை இருக்கிறது.

"இந்தப் புத்தகத்த எழுதினவங்க பயங்கரமான ஊர்ல இருந்திருக்காங்க அக்கா" என்பான் அரட்டை.

"எல்லா ஊரும் அந்த ஊர்தான் தம்பி. நீ வேலையப் பாரு."

அவளும் சாதுவான வீட்டில் வளர்ந்தவள் இல்லை. நான்கு அண்ணன்மார், சாப்பாட்டுத் தட்டில் ஆரம்பிக்கிற சண்டை கொல்லைப்புறத்தில் ரத்தத்தோடு முடியும். எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும், எதற்குப் பஞ்சு எடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரியும். தாவரவியல் படித்தாள், தட்டச்சுக்குப் போனாள், குறியீட்டுத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி மூன்றாவதில் தேறினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்று ஒரு காவலாளி தினமும் அவளை வாசலிலேயே நிறுத்தினான். "நேத்தும் பாத்தீங்க, முந்தாநேத்தும் பாத்தீங்க, இன்னுமா சந்தேகம்?" என்று கேட்டாள். "சந்தேகம் போயிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமேன்னுதான்" என்றான். அவனையே கட்டிக்கொண்டாள். ஒரு மகள், இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இத்தனை வருடத்தில் அவன் அவள் மேல் கை வைத்ததில்லை. நான்கு அண்ணன்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்ததும் மேனேஜர் மேலே ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் இரண்டைக் காணவில்லை.

"இன்னிக்குக் காயம்பட்டவங்க ஃபைல் எல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடியணும். போலீஸ் கேக்குது, இன்சூரன்ஸ் கேக்குது, பெரியவங்க கேக்கறாங்க. ஒண்ணுகூட பாக்கி இருக்கக் கூடாது. புரியுதா?"

"டாக்டர் முழுசா எழுதியிருந்தா முடிப்போம் சார்."

"எழுதின வரைக்கும் முடிம்மா!"

கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. நர்ஸின் நெற்றி: 'நோயாளியின் உறவினர் செங்கல்லால் தாக்கினார்' என்று சின்ன டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். அன்று அவசரப் பிரிவில் பணியில் இருந்தது அவர்தான். படிப்பை முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். கோடாலி தாக்குதல் குறியீட்டைப் போட்டாள். அடுத்தது ஒரு காவலாளியின் கிழிந்த காது. அதற்கும் தாக்குதல். மூன்றாவது அவள் புருஷனுடைய கோப்பு.

இரத்த உறவோ, திருமண உறவோ, சொந்தக்காரர் கோப்பு வந்தால் கைமாற்றிவிட வேண்டும் என்பது அந்த அறையின் விதி. அரட்டைக்குத் தள்ளிவிட்டாள்.

"அக்கா, நம்ம அண்ணன் ஹீரோ ஆயிட்டாரு!" அரட்டை உரக்கப் படித்தான். "வலது கை, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் கழுத்து முறிவு. கூட்டத்தினர் தாக்கியதாகச் சொல்கிறார். தாக்குதல்னே போட்டுடறேன். மெடல் குடுப்பாங்க."

அந்த எலும்பு அந்த இடத்தில் முறிவதற்குத் தொழிலில் குத்துச்சண்டை முறிவு என்றே பெயர். அடி வாங்குகிறவனுக்கு அபூர்வம், அடிக்கிறவனுக்குத்தான் வரும். அரட்டைக்கும் தெரியும். ஆனால் கோடு போடுகிறவர் எலும்பைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. டாக்டர் எழுதியதுதான் கணக்கு.

நான்காவதாக வெல்டரின் தம்பி வந்தான்.

மண்டையோட்டில் விரிசல். உள்ளே ரத்தக் கசிவு. தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. நினைவில்லை. மற்ற கோப்புகளில் பக்கம் பக்கமாக எழுதிய சின்ன டாக்டர், இதில் எப்படிப் பட்டது என்கிற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'அவசரப் பிரிவு வாசலில் தரையில் கிடந்தார்.'

கிடந்தார். அவ்வளவுதான்.

இப்படி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளே புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். காயம் தற்செயலா, வேண்டுமென்றா என்று டாக்டர் எழுதாவிட்டால், விபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'கண்டறிய முடியவில்லை' என்று ஒரு வகை உண்டு. அதைக்கூட டாக்டரே அப்படி எழுதினால்தான் போடலாம். ஒன்றும் எழுதவில்லை என்றால் விபத்து. காரணம் குறிப்பிடப்படாத விபத்து. கோடு போடுகிறவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாலும் சரி.

அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன. பொய் சொல்லத் தேவையில்லை. விதியை அப்படியே பின்பற்றினால் போதும். அடித்தவன் தாக்கப்பட்டவன் ஆகிவிடுவான், அடிபட்டவன் விபத்தில் விழுந்தவன் ஆகிவிடுவான். ஒவ்வொரு குறியீடும் தனித்தனியாகச் சரி. யாரும் எதையும் கேட்க முடியாது. புருஷனின் வேலை தப்பும், உடம்பும் தப்பும்.

இன்னொரு வழியும் விதியிலேயே இருந்தது. டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். கேள்விக்குள் பதிலை ஒளித்து வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. 'அடித்தார்களா?' என்று கேட்கக் கூடாது. 'காயம் எப்படி ஏற்பட்டது?' என்று மட்டும் கேட்டு, எல்லாச் சாத்தியங்களையும் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

தொலைபேசி அலறியது. மேனேஜர். "என்னம்மா, இன்னும் ஒண்ணு பாக்கி காட்டுது?"

"கேள்வி அனுப்பணும் சார்."

"அனுப்பிக்கோ. ஆனா ஃபைல மூடிட்டு அனுப்பு. சிவப்புல தெரியக் கூடாது."

குறியீடு ஏதாவது ஒன்று இல்லாமல் கோப்பு மூடாது. இந்த மாதிரி நெருக்கடியில் அந்த அறையில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். தற்காலிகமாகக் 'காரணம் குறிப்பிடப்படாத விபத்து' என்று போட்டுக் கோப்பை மூடினாள். பிறகு கேள்வியை அனுப்பினாள். பதில் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நூறு தடவை அப்படி மாற்றியிருக்கிறாள்.

அன்று மாலை அவன் இடது கையால் சாப்பிடத் தடுமாறினான். மாவுக்கட்டுப் போட்ட வலது கை மேஜை மேல் ஒரு வெள்ளைக் கட்டைபோலக் கிடந்தது.

"வலிக்குதா?"

"கல்ல வச்சு நசுக்கினானுங்க. வலிக்காம?"

"நான் ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"என்ன பாத்த?"

"எல்லாத்தையும்."

"நர்ஸம்மா நெத்திய உடைச்சான், அதப் பாத்தியா?"

"பாத்தேன். அதுக்கு ஒரு அடி. சரி, ரெண்டு. அவன் கீழ விழுந்துட்டாங்க."

"கேட்ல நிக்கிறவன் மனுஷனா, இல்ல கதவுல அடிச்ச ஆணியா? வர்றவன் துப்புவான், போறவன் தள்ளுவான். டாக்டர் மேல கோபம்னா என் சட்டையப் பிடிப்பான். எத்தன வருஷம்? இன்னிக்கு ஒருத்தன் கையில கெடச்சான்." மூச்சு வாங்கினான். "அவன் ஃபைலு உன்கிட்டதான வரும்? என்ன போட்ட?"

"விபத்துன்னு போட்டிருக்கேன். தற்காலிகமா."

"அப்புறம் என்ன? அப்படியே விடு."

"டாக்டர்கிட்ட கேள்வி கேட்டிருக்கேன். பதில் வந்தா மாத்தணும்."

"யாரு உன்னக் கேள்வி கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"வேலியே பயிர மேயற கதையா இருக்கே! நான் உள்ள போனா பொண்ணுகிட்ட என்னடி சொல்லுவ?"

"என்ன நடந்துச்சோ அதச் சொல்லுவேன்."

தட்டு அவள் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. இருவரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து, இடது கையால் துணி எடுத்துத் துடைக்கப் போனான். "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் சின்ன டாக்டர் மாடிப்படி ஏறி வந்தார். டாக்டர்கள் அந்த அறைக்கு வருவதே கிடையாது. அரட்டை எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்தான்.

"அக்கா, அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"ஏன் டாக்டர்?"

"'என்ன காயம்னு எழுது, எப்படின்னு எழுதாத'ன்னு மேனேஜர் சொன்னாரு. உங்க வீட்டுக்காரரு சமாசாரம்னு வேற சொன்னாரு. உங்களுக்கு நல்லது பண்றதாத்தான் நெனச்சேன்."

"நீங்க பாத்தீங்களா?"

டாக்டர் நகத்தைக் கடித்தார். "நான் மேஜைக்கு அடியில இருந்தேன். கால்தான் தெரிஞ்சுது."

"அப்ப 'கண்டறிய முடியவில்லை'ன்னு எழுதுங்க. அதுக்கும் குறியீடு இருக்கு."

"உங்களுக்கு எது வேணும்?"

"எனக்கு என்ன வேணும்னு நான் சொல்லக் கூடாது டாக்டர். சொன்னா அது கேள்வி இல்ல."

"அவனுக்கு நெனவு வந்திருந்தா அவனையே கேட்டு எழுதியிருப்பேன். காலையிலயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. சுருக்கத்துல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். இனிமே யாரப் போய்..."

"எந்தச் சுருக்கம்?"

"மாற்றல் சுருக்கம். சிஸ்டத்துலேந்து தானா வருமே, அது. அவங்க அண்ணன்கிட்டதான் குடுத்தோம்."

கோடாலி திரையைத் திருப்பி அந்தச் சுருக்கத்தைத் திறந்தாள். மூடிய கோப்பிலிருந்து இயந்திரம் தானாகவே எடுத்து அச்சிட்டிருந்தது. மண்டையோட்டு முறிவு. தாடை முறிவு. காரணம் குறிப்பிடப்படாத விபத்து. அதற்கு நேர் கீழே சின்ன டாக்டரின் கையெழுத்து. பதில் வருவதற்குள் ஒரு நோயாளி வேறிடம் போவான் என்றோ, போகும்போது அந்த வரி அவனோடு போகும் என்றோ அவள் யோசிக்கவில்லை. அந்த அறையில் யாருமே யோசித்ததில்லை.

"டாக்டர், நீங்க கீழ போகாதீங்க. கொஞ்ச நேரம் இங்கயே..."

அவசரப் பிரிவிலிருந்து யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியைக் காதில் வைத்தபடியே அவர் படியிறங்கி ஓடினார். அவர் கீழே போய்ச் சேர்ந்த அதே நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

இந்தத் தடவை கூட்டம் இல்லை. வெல்டரும் பட்டறை ஆட்கள் ஆறேழு பேரும்தான். கூட்டம் கத்தும், தள்ளும், கலையும். இவர்கள் கத்தவில்லை. கையில் இரும்புக் குழாய் இருந்தது. காவலாளிகள் இருவரைச் சுவரோடு அறைந்துவிட்டு நேராக உள்ளே போனார்கள்.

கோடாலி படிகளில் பாதியில் இருக்கும்போதே டாக்டரின் அலறல் கேட்டது. வெல்டர் அவரைத் தலைமுடியைப் பற்றி மருந்து மேஜைமேல் அழுத்தியிருந்தான். மூக்குக்கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியிருந்தது. இன்னொருவன் அவருடைய கையை மேஜைமேல் விரித்துப் பிடித்திருந்தான். வெல்டர் கசங்கிய காகிதத்தை அவர் முகத்தில் தேய்த்தான்.

"படி! விபத்தா? தானா விழுந்தானா என் தம்பி? தாடை ரெண்டாப் பொளந்திருக்கு, தரையா குத்துச்சு? எந்தக் கையால கையெழுத்து போட்ட? இந்தக் கையா?"

"நான் எழுதல... அது நான் எழுதல..."

"உன் கையெழுத்து இல்லையா இது?"

குழாய் இறங்கியது. விரல்கள் உடைந்த சத்தம் இந்தத் தடவை அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"விடுங்க அவங்கள!" கோடாலி அவர்களை முட்டி விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அவங்க எழுதல. அந்த வரிய எழுதினது நான். விபத்துன்னு போட்டது நான்."

வெல்டர் திரும்பினான். அழுது வீங்கிய கண்கள். ஒரே நாளில் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியையும் தூக்கிக்கொண்டு அலைகிறவனின் முகம்.

"நீ யாரு?"

"கோடு போடறவ. டாக்டர் காரணம் எழுதல. எழுதலன்னா விபத்துன்னுதான் போடணும். அவசரத்துல போட்டேன். தப்புதான். மாத்தறதுக்குக் கேள்வி..."

அவன் புறங்கையால் அறைந்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. வாய் முழுக்க உப்பு. விழாமல் மேஜையைப் பிடித்தாள்.

"எழுதலன்னா விபத்தா? ஊர்ல ஒருத்தன அடிச்சுக் கொன்னுட்டு எழுதாம விட்டா விபத்தா? யாரு கண்டுபிடிச்சான் இந்தக் கணக்க? சொல்லு, யாரு அடிச்சது?"

"எனக்குத் தெரியும்."

"சொல்லு!"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன். குழாயக் கீழ போடுங்க. டாக்டர் எழுதுவாங்க. போலீஸ் கேட்டா போலீஸ்கிட்ட சொல்றேன். இப்ப சொன்னா நீங்க கொன்னுடுவீங்க."

"கொல்லத்தான் வந்திருக்கேன்."

அவள் முடியைப் பிடித்துச் சுழற்றினான். அந்தச் சுழற்சியில்தான் அவள் தன் புருஷனைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மாவுக்கட்டுக் கையோடு, கையெழுத்துப் போட்டுவிட்டு விடுப்பில் போக வந்தவன் நின்றுகொண்டிருந்தான். அவள் கண்ணைச் சந்தித்தான். பிறகு தலையைத் திருப்பி வேறெங்கோ பார்த்தான்.

அவள் கத்தவில்லை. கூப்பிடவுமில்லை. வெல்டர் அவள் தலையை மேஜை விளிம்பில் மோதினான். ஒரு தடவை. புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவன் மறுபடியும் தலையைத் தூக்கியபோது கதவு திறந்த சத்தம் கேட்டது.

"டேய்! அவள விடுடா!"

எல்லோரும் திரும்பினார்கள். யாருடைய தடியோ அவன் இடது கையில் இருந்தது.

"நான்தாண்டா அடிச்சேன்! ஆமா, நான்தான்! தடி முறியற வரைக்கும், அப்புறம் கையால! செங்கல்லத் தூக்கிட்டு வந்தா கொஞ்சுவாங்களா? விழுந்தப்புறமும் அடிச்சேன். இப்ப என்னங்கற?"

மன்னிப்பு இல்லை, தணிவும் இல்லை, வீராப்புத்தான். ஆனாலும் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. உடைந்த விரல்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த சின்ன டாக்டருக்கும் கேட்டது.

வெல்டர் அவளை விட்டான். அடுத்து நடந்ததற்கு வெகுநேரம் ஆகவில்லை. இடது கையால் தடியை வீசத் தெரியாதவன் ஒரே வீச்சில் சுவரை அடித்தான். குழாய் முதலில் மணிக்கட்டில் விழுந்தது, பிறகு முழங்காலில், பிறகு எங்கெங்கோ. ஆறேழு பேர் சுற்றி நின்றதால் நடுவில் கிடந்தவன் தெரியவில்லை. குழாய்கள் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அவள் ஒருவனின் முதுகைப் பிடித்து இழுத்தாள், இன்னொருவனின் கையைக் கடித்தாள், தூக்கி எறியப்பட்டாள், மறுபடி ஊர்ந்து போனாள். போலீஸ் வேனின் ஊளை வாசலில் கேட்டபோது வெல்டர் குழாயைத் தானாகவே கீழே போட்டுவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து, "தம்பி தம்பி" என்று அழ ஆரம்பித்தான்.

புருஷனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மூச்சு இருந்தது. திரை இழுக்கப்பட்டது, அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சின்ன டாக்டருக்கு யாரோ கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அக்கா" என்று கூப்பிட்டார். "அந்தக் கேள்வி இன்னும் திறந்துதான இருக்கு?"

"இருக்கு."

"யாராவது தட்டச்சு பண்ணுங்க. நான் சொல்றேன்." பக்கத்தில் நின்ற நர்ஸ் மடிக்கணினியை எடுத்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "காவலாளி தடியாலும் கையாலும் தாக்கியதால் ஏற்பட்ட காயம். விழுந்த பிறகும் தாக்கியதாக அவரே என் முன்னால் சொன்னார்." பிறகு கோடாலியைப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டார்.

"அதையும் நான் சொல்லக் கூடாது டாக்டர்."

டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

அவள் மாடிக்குப் போனாள். படியெங்கும் அவள் புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டே போனது. அரட்டை ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"எங்கக்கா போறீங்க? அண்ணனுக்கு என்னன்னு தெரியல, நீங்க கீழ இருங்க! நான் போட்டுக்கறேன். அதுவும் உங்க சொந்தக்காரர் சம்பந்தப்பட்டதுதான!"

"அடிபட்டவன் எனக்குச் சொந்தமில்ல. தப்பாப் போட்டது நான். நான்தான் மாத்தணும்."

"அப்புறமா மாத்தலாமே!"

"அவர் முகத்தப் பாத்துட்டா என்னால முடியாது தம்பி. இப்பவே விடு."

கோப்பைத் திறந்தாள். ஒரு கண் ஒட்டிக்கொண்டது, மற்றதால் படித்தாள். விபத்தை எடுத்தாள். தாக்குதலைப் போட்டாள்: மழுங்கிய பொருளால் ஒன்று, கைகலப்பில் ஒன்று. கீழே இருந்த கட்டத்தில் காரணம் எழுதினாள்: 'முந்தைய குறியீடு டாக்டரின் பதில் வருமுன் போடப்பட்டது. போட்டவர் நான்.' திருத்திய சுருக்கத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் அனுப்பினாள். மேனேஜரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கீழே திரை விலகியிருந்தது. புருஷன் கண் திறந்திருந்தான். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் போகவில்லை. ஒரு போலீஸ்காரர் விலங்கோடு வந்தார். கட்டிலோடு எந்தக் கையைப் பூட்டுவது என்று பார்த்தார். வலது கையில் மாவுக்கட்டு. போர்வைக்குள் கைவிட்டு இடது கையைத் தேடினார்.

"அதுவும் உடைஞ்சிருக்கு சார். கையில மாட்டாதீங்க" என்றாள். போர்வையை விலக்கினாள். வலது முழங்கால் பந்தாக வீங்கியிருந்தது. "இடது கால். அது ஒண்ணுதான் நல்லா இருக்கு. அங்க மாட்டுங்க."